எம். ஜே. கோபாலன்

எம். ஜே. கோபாலன் என அழைக்கப்படும் மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (சூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003) துடுப்பாட்டம் (கிரிக்கெட்), வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி) ஆகிய இரு விளையாட்டுகளிலும் இந்தியாவின் சார்பில் விளையாடிய தமிழ்நாட்டு விளையாட்டு வீரர் ஆவார். வலது கை மித வேகப் பந்து வீச்சாளரான இவர் ஒரேயொரு டெஸ்ட் போட்டியில் மட்டுமே கலந்து கொண்டார். 1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்து அணிக்கு எதிராக அப்போட்டி நடைபெற்றது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பைப் போட்டித் தொடரின் முதல் பந்தை வீசியவரும் இவரே. 1936 ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வாய்ப்பைத் தவிர்த்து இங்கிலாந்துத் துடுப்பாட்டப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார். இம்முடிவே இவரது விளையாட்டு வாழ்வில் அதிகம் பேசப்பட்ட நிகழ்வாகும்.

பிறப்பும் இளமையும்

கோபாலன் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில், எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவ்வூரின் பெயரே இவரது பெயரின் முதலெழுத்தாக அமைந்தது. இவரது குடும்பம் பின்னர் சென்னையின் திருவல்லிக்கேணிப் பகுதியில் குடியேறியது. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி அமைந்த இப்பகுதியின் ஒரு புறம் மெரினா கடற்கரையும் மறுபுறம் சிறிது தொலைவில் சேப்பாக்கம் மைதானமும் இருந்தன. துடுப்பாட்டம் அக்காலத்தில் சென்னையில் இரு வேறு உலகங்களாகப் பிரிந்திருந்தது. சேப்பாக்கத்தில் இயங்கிய சென்னைத் துடுப்பாட்டக் கழகம் ஐரோப்பியருக்கு உரியதாக இருந்தது. இந்தியர்களோ திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பகுதிகளில் தமக்கெனக் கழகங்களை அமைத்து விளையாடி வந்தனர்.

சென்னைத் துடுப்பாட்டச் சூழல்

தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் புச்சி பாபு நாயுடு, இந்தியர்களும் ஐரோப்பியர்களும் ஒருவரையொருவர் எதிர்த்து விளையாட வேண்டும் என முயன்றவர். அவர் 1908 இல் காலமானார். அவரது முயற்சியின் பயனாகத் தொடங்கிய ஆட்டம் பின்னர் சென்னை மாகாண ஆட்டம் என்ற பெயரில் ஆண்டுதோறும் பொங்கல் விழாக் காலத்தில் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. 1915-16 பருவம் முதல் இது முதல்தர ஆட்டமாகக் கருதப்படுகிறது. ரஞ்சிக் கோப்பை தொடங்கும் வரை, சென்னையைச் சேர்ந்த இந்திய ஆட்டக்காரர் ஒருவர் தமது திறமையை வெளிப்படுத்துவதற்குக் கிடைத்த மிகப் பெரிய மேடை இந்த ஆட்டமே ஆகும்.

ஐரோப்பியர் அணியின் முன்னணி ஆட்டக்காரராக விளங்கியவர் சி. பி. ஜான்ஸ்டன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்காகவும் கென்ட் மாவட்ட அணிக்காகவும் விளையாடிய இவர், பணி நிமித்தமாகச் சென்னைக்கு வந்து இந்நகரின் துடுப்பாட்ட வளர்ச்சிக்குப் பெரும் பங்காற்றினார். இளைஞரான கோபாலனின் பந்து வீச்சைக் கண்டு அவரது திறமையை இனங்கண்டவர் ஜான்ஸ்டனே. அவர் கோபாலனுக்கு பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பெற்றுத் தந்ததுடன், திருவல்லிக்கேணித் துடுப்பாட்டக் கழகத்தில் சேரவும் வழி செய்தார்.

துடுப்பாட்டம் வருவாய் தராத விளையாட்டாக இருந்த காலம் அது. வசதி குறைந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் தொடர்ந்து விளையாட வேண்டுமெனில் ஒரு மன்னரின் ஆதரவோ, விடுப்புத் தரக்கூடிய நிறுவனத்தில் ஒரு வேலையோ தேவைப்பட்டது. வட இந்தியாவில் பாட்டியாலா போன்ற சமத்தானங்கள் ஆட்டக்காரர்களை ஆதரித்தன. சென்னையில் வணிக நிறுவனங்களே பெரும்பாலும் அந்த இடத்தை நிரப்பின. கோபாலனின் நீண்ட விளையாட்டு வாழ்வுக்கு இந்த வேலையே அடித்தளமாயிற்று. மாகாண ஆட்டங்களில் அவர் யாருக்கு எதிராகப் பந்து வீசினாரோ அந்த ஐரோப்பியர் அணியைச் சேர்ந்த ஒருவரே அவருக்கு இவ்வாய்ப்பை ஏற்படுத்தித் தந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

திருவல்லிக்கேணிக் கழகத்திற்கும் மயிலாப்பூர்க் கழகத்திற்கும் இடையே நிலவிய போட்டி சென்னையில் புகழ் பெற்றது. இவ்விரு கழகங்களும் மோதும் ஆட்டங்களைக் காணப் பெருந்திரளான மக்கள் கூடினர். கோபாலன் திருவல்லிக்கேணிக் கழகத்தின் முதன்மைப் பந்து வீச்சாளராக வளர்ந்தார்.

பந்து வீச்சு

கோபாலன் புதுப் பந்தைக் கொண்டு மித வேகத்தில் வீசுபவர். பந்தைக் காற்றில் வெளிப்புறமாக வளையச் செய்வதும், தரையில் பட்டபின் கால் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகத் திருப்புவதும் இவரது சிறப்புகளாகும். கீழ் வரிசையில் விரைவாக ஓட்டங்கள் குவிக்கக் கூடிய மட்டையாளராகவும் இருந்தார்.

1930-31 பருவத்தில் விஜயநகரம் மகாராஜ்குமார் திரட்டிய அணி இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தது. இங்கிலாந்தின் புகழ் பெற்ற தொடக்க மட்டையாளர்களான ஜாக் ஹாப்சும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் அவ்வணியில் இடம் பெற்றிருந்தனர். முதல்தர ஆட்டங்களில் 197 நூறுகளை அடித்த ஹாப்ஸ் அப்பொழுது ஐம்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்தார். எனினும் அவரது விக்கெட்டை வீழ்த்துவது எந்தப் பந்து வீச்சாளருக்கும் பெருமையாகவே இருந்தது. சென்னையில் நடைபெற்ற ஆட்டத்தில் கோபாலன் அவரது குச்சிகளைத் தகர்த்து ஆட்டமிழக்கச் செய்தார். 21 வயதேயான இளைஞரின் பெயர் சென்னைக்கு வெளியேயும் அறியப்பட்டது.

ஒரே டெஸ்ட் போட்டி

இந்தியா தனது முதல் டெஸ்ட் போட்டியை 1932 சூன் மாதத்தில் இலண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் விளையாடியது. 1933-34 பருவத்தில் டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி இந்தியாவிற்கு வந்து மூன்று டெஸ்ட் போட்டிகளில் விளையாடியது. இந்திய மண்ணில் நடைபெற்ற முதல் டெஸ்ட் தொடர் இதுவாகும். இந்திய அணிக்கு சி. கே. நாயுடு தலைமை தாங்கினார். பம்பாயில் நடைபெற்ற முதல் போட்டியில் லாலா அமர்நாத் நூறு அடித்தபோதிலும் இந்தியா ஒன்பது விக்கெட்டுகளால் தோல்வியடைந்தது.

இரண்டாவது போட்டி 1934 சனவரி 5 முதல் 8 வரை கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் நடைபெற்றது. இப்போட்டியில் கோபாலன், முஷ்டாக் அலி, திலாவர் உசேன் ஆகிய மூவரும் இந்தியாவின் சார்பில் முதன்முறையாகக் களமிறங்கினர். முதலில் ஆடிய இங்கிலாந்து 403 ஓட்டங்களை எடுத்தது. முகமது நிசாரும் அமர் சிங்கும் தொடக்கப் பந்து வீச்சாளர்களாக இருந்தமையால் கோபாலனுக்குத் துணைப் பந்து வீச்சாளர் இடமே கிடைத்தது. அவர் 114 பந்துகளை வீசி 39 ஓட்டங்களை மட்டுமே கொடுத்து ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். இங்கிலாந்து நானூறு ஓட்டங்களைக் கடந்த ஆட்டத்தில் இது சிக்கனமான பந்து வீச்சாகும்.

இந்தியா முதல் இன்னிங்சில் 247 ஓட்டங்களும், தொடர்ந்து ஆடிய இரண்டாம் இன்னிங்சில் 237 ஓட்டங்களும் எடுத்தது. கோபாலன் முதல் இன்னிங்சில் ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும், இரண்டாம் இன்னிங்சில் 7 ஓட்டங்களும் எடுத்தார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

மூன்றாவது போட்டி பிப்ரவரி மாதம் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னை நகரம் கண்ட முதல் டெஸ்ட் போட்டி இதுவே. ஆனால் தமது சொந்த மைதானத்தில் நடைபெற்ற அப்போட்டியில் கோபாலன் இடம் பெறவில்லை. அமர் சிங் இங்கிலாந்தின் முதல் இன்னிங்சில் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் இந்தியா 202 ஓட்டங்களால் தோற்றது. கல்கத்தாவில் விளையாடிய நான்கு நாட்களே கோபாலனின் டெஸ்ட் வாழ்வாக அமைந்து விட்டன.

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து

1933 இல் காலமான ரஞ்சித்சிங்ஜியின் நினைவாக இந்திய மாகாணங்களுக்கும் சமத்தானங்களுக்கும் இடையே ஒரு கோப்பைப் போட்டி நடத்த 1934 இல் முடிவு செய்யப்பட்டது. இதன் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளுக்கு இடையே நடைபெற்றது. மைசூர் முதலில் மட்டையெடுத்து ஆடியது. சென்னை அணிக்காகக் கோபாலன் முதல் பந்தை மைசூரின் என். கர்டிசுக்கு வீசினார். இந்தியாவின் தேசியத் துடுப்பாட்டத் தொடர் அந்தப் பந்துடன் தொடங்கியது.

அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது என்பது மற்றொரு சிறப்பு. மைசூர் அணி 48, 59 என இரு இன்னிங்சுகளிலும் குறைந்த ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சென்னை ஒரே இன்னிங்சில் எடுத்த 130 ஓட்டங்கள் வெற்றிக்குப் போதுமானவையாக இருந்தன. இடது கைச் சுழற்பந்து வீச்சாளரான ஏ. ஜி. ராம் சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கோபாலனும் ராம் சிங்கும் பல ஆண்டுகள் சென்னை அணியின் பந்து வீச்சைத் தாங்கி நின்றனர். ராம் சிங்கிற்கு ஒரு டெஸ்ட் போட்டியில் கூட விளையாடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வளைதடிப் பந்தாட்டம்

சென்னையில் வளைதடிப் பந்தாட்டத்தை வளர்த்தவர்களுள் ஒருவரான ராபர்ட் சம்மர்ஹேஸ் கோபாலனை அவ்விளையாட்டுக்கு அழைத்து வந்தார். நடுக்களத்தில் தற்காப்பையும் தாக்குதலையும் இணைக்கும் நடு இடைநிலை ஆட்டக்காரராக அவர் விரைவில் புகழ் பெற்றார்.

அக்காலத்தில் இவ்விளையாட்டில் இந்தியாவிற்கு இணையான நாடு எதுவும் இருக்கவில்லை. 1928 இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932 இல் லாஸ் ஏஞ்சலசிலும் இந்தியா ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றிருந்தது. 1935 இல் இந்திய அணி நியூசிலாந்துக்கும் ஆத்திரேலியாவுக்கும் சுற்றுப்பயணம் மேற்கொண்டபோது தியான் சந்த், அவரது தம்பி ரூப் சிங் ஆகியோருடன் கோபாலனும் அணியில் இடம் பெற்றார். இப்பயணத்தில் இந்திய அணி 48 ஆட்டங்களில் விளையாடி 584 கோல்களை அடித்தது. இதன் மூலம் கோபாலன் இரு விளையாட்டுகளில் நாட்டின் சார்பில் விளையாடியவர் ஆனார். அவரது காலத்திலேயே சென்னையைச் சேர்ந்த மற்றொருவரும் இத்தகைய பெருமையைப் பெற்றார். புச்சி பாபுவின் மகனான கோட்டா ராமசாமி 1922 இல் டேவிஸ் கோப்பை டென்னிசிலும் 1936 இல் டெஸ்ட் துடுப்பாட்டத்திலும் இந்தியாவின் சார்பில் விளையாடினார்.

1936: இரு அழைப்புகள்

1936 ஆம் ஆண்டின் கோடையில் இந்தியாவிலிருந்து இரு அணிகள் ஐரோப்பாவிற்குச் செல்லவிருந்தன. துடுப்பாட்ட அணி இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட் போட்டிகளில் விளையாடவிருந்தது. வளைதடிப் பந்தாட்ட அணி ஆகத்து மாதத்தில் பெர்லின் ஒலிம்பிக்கில் பங்கேற்கவிருந்தது. துடுப்பாட்டப் பயணம் கோடை முழுவதும் நீடித்தமையால் இரண்டிலும் ஒருவர் பங்கேற்க இயலாது. முந்தைய ஆண்டுப் பயணத்திற்குப் பின் ஒலிம்பிக் அணியில் கோபாலனின் இடம் ஏறத்தாழ உறுதி எனக் கருதப்பட்டது. இங்கிலாந்து செல்லும் அணிக்கும் அவர் தேர்வு செய்யப்பட்டார்.

கோபாலன் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு வேலையும் பெயரும் பெற்றுத் தந்தது துடுப்பாட்டமே. அவர் அதுவரை ஒரு டெஸ்ட் போட்டியில் மட்டுமே விளையாடியிருந்தார். இங்கிலாந்தின் ஆடுகளங்களும் காற்றும் அவரைப் போன்ற பந்து வீச்சாளருக்கு ஏற்றவை. அன்றைய நிலையில் இத்தெரிவு இயல்பான ஒன்றாகவே இருந்தது.

ஆனால் இங்கிலாந்துப் பயணம் அவருக்கு ஏமாற்றமாக முடிந்தது. விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையிலான அணியில் உட்பூசல்கள் மிகுந்திருந்தன. லாலா அமர்நாத் முதல் டெஸ்ட் போட்டிக்கு முன்னரே ஒழுங்கு நடவடிக்கையாகத் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். பயணத்தின் வெவ்வேறு கட்டங்களில் 20க்கும் மேற்பட்டோர் அணிக்காக விளையாடினர். வேகப் பந்து வீச்சில் நிசார், இங்கிலாந்தில் கழகத் துடுப்பாட்டம் ஆடி வந்த அமர் சிங், கேம்பிரிட்ஜில் பயின்று வந்த ஜகாங்கீர் கான் ஆகியோர் டெஸ்ட் போட்டிகளில் இடம் பிடித்தனர். கோபாலன் மூன்று டெஸ்ட் போட்டிகளில் ஒன்றில் கூடச் சேர்க்கப்படவில்லை. இந்தியா தொடரை 0-2 எனத் தோற்றது.

மூன்றாவது டெஸ்ட் போட்டி 1936 ஆகத்து 15 ஆம் நாள் இலண்டனின் ஓவல் மைதானத்தில் தொடங்கியது. கோட்டா ராமசாமி அப்போட்டியில் விளையாடினார். கோபாலன் அணிக்கு வெளியே இருந்தார். அதே நாளில் பெர்லினில் வளைதடிப் பந்தாட்ட இறுதி ஆட்டம் நடைபெற்றது. மழையால் ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் தியான் சந்தின் தலைமையில் இந்தியா செருமனியை 8-1 என்ற கோல் கணக்கில் வென்று மூன்றாவது முறையாகத் தங்கப் பதக்கம் பெற்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 38 கோல்களை அடித்து ஒரேயொரு கோலை மட்டுமே விட்டுக் கொடுத்தது.

டெஸ்ட் வாழ்வு குறுகியதன் பின்னணி

ஒரே டெஸ்ட் போட்டி என்பதைக் கொண்டு மட்டும் கோபாலனின் திறமையை அளவிட இயலாது. 1932 இல் தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரை இந்தியா விளையாடிய டெஸ்ட் போட்டிகள் மொத்தம் ஏழு மட்டுமே. 1935-36 இல் ஜாக் ரைடரின் ஆத்திரேலிய அணியும் 1937-38 இல் டென்னிசன் பிரபுவின் அணியும் இந்தியாவிற்கு வந்து விளையாடின. எனினும் அவ்வாட்டங்களுக்கு டெஸ்ட் தகுதி வழங்கப்படவில்லை. போருக்குப் பின் 1946 இல் இந்தியா மீண்டும் டெஸ்ட் போட்டியில் விளையாடியபோது கோபாலனுக்கு வயது 37 ஆகியிருந்தது.

1933-34 தொடரில் விளையாடியவர்களுள் கோபாலன் மட்டுமன்றி எல். பி. ஜெய், ருஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜி, லாதா ராம்ஜி, பாட்டியாலா இளவரசர் யாதவீந்திர சிங் ஆகியோரின் டெஸ்ட் வாழ்வும் ஒரே போட்டியுடன் முடிந்தது. கோபாலனுக்குப் பின் சென்னையின் வேகப் பந்து வீச்சாளராக டெஸ்ட் போட்டியில் விளையாடிய சி. ஆர். ரங்காச்சாரிக்கு, 1947-48 ஆத்திரேலியப் பயணத்திலும் அதனை அடுத்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தொடரிலுமாக நான்கு போட்டிகள் கிடைத்தன.

பிற்கால ஆட்டமும் பணிகளும்

இங்கிலாந்திலிருந்து திரும்பிய பின்னரும் கோபாலன் சென்னை அணிக்காகத் தொடர்ந்து விளையாடினார். இவரது முதல்தரத் துடுப்பாட்ட வாழ்வு கால் நூற்றாண்டு காலம் நீடித்து 1951-52 பருவத்தில் நிறைவடைந்தது. சென்னை மாகாண ஆட்டங்களும் அதே பருவத்துடன் முடிவுக்கு வந்தன. பின்னர் கோபாலன் இந்திய அணியைத் தெரிவு செய்யும் தேசியக் குழுவிலும் பணியாற்றினார்.

கோபாலன் கிண்ணம்

சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே துடுப்பாட்டத் தொடர்பு நெடுங்காலமாக நிலவி வந்தது. 1947 இல் இலங்கையின் மகாதேவன் சதாசிவம் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். இத்தொடர்புக்கு நிலையான வடிவம் தரும் வகையில் 1952-53 பருவத்தில் எம். ஜே. கோபாலன் கிண்ணம் தொடங்கப்பட்டது. சென்னை அணியும் இலங்கை அணியும் இக்கிண்ணத்திற்காக முதல்தர ஆட்டங்களில் மோதின. டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கையின் ஆட்டக்காரர்களுக்கு வலுவான அணியொன்றுடன் தொடர்ந்து விளையாட இது நல்வாய்ப்பாக அமைந்தது. இலங்கை 1981 இல் டெஸ்ட் தகுதி பெற்ற பின்னர் இப்போட்டியின் தேவை குறைந்து, பழைய வடிவில் நடைபெறுவது நின்று போனது. ஒரே டெஸ்ட் போட்டியில் விளையாடிய ஒருவரின் பெயர், டெஸ்ட் தகுதியை எதிர்நோக்கியிருந்த ஒரு நாட்டின் ஆட்டக்காரர்களுக்கு இவ்வாறு அறிமுகமாயிற்று.

புள்ளிவிவரம்

டெஸ்ட் போட்டிகள்: 1
டெஸ்ட் ஓட்டங்கள்: 18 (அதிகபட்சம் ஆட்டமிழக்காமல் 11)
டெஸ்ட் விக்கெட்டுகள்: 1 (39 ஓட்டங்களுக்கு)
முதல்தர ஆட்டங்கள்: 78
முதல்தர ஓட்டங்கள்: 2,916 (சராசரி 24.92, நூறுகள் 1)
முதல்தர விக்கெட்டுகள்: 194 (சராசரி 24.20)
சிறந்த பந்து வீச்சு: 57 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள்

மறைவு

கோபாலன் 2003 டிசம்பர் 21 ஆம் நாள் சென்னையில் தமது 94 ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வெயிர் மறைந்ததை அடுத்து, அன்று உயிருடன் இருந்த டெஸ்ட் துடுப்பாட்டக்காரர்களுள் மிகவும் மூத்தவராகக் கோபாலன் விளங்கினார். கல்கத்தாவில் அவருடன் முதன்முறையாகக் களமிறங்கிய முஷ்டாக் அலி 2005 சூன் மாதத்தில் காலமானார்.